வளரும் எலும்பின் மேல் அல்ட்ராசவுண்ட் சிகிச்சை: 12 வயதில் கொடுக்கலாமா?

என் மகனுக்கு 12 வயது, கால்பந்து ஆடுகிறான். நான்கு மாதமாக வலது முழங்கால் சிப்பிக்குக் கீழே வலி. தொட்டால் சின்ன மேடு தெரிகிறது. ஓடினால், படி இறங்கினால், முட்டி போட்டால் கூடுகிறது, உட்கார்ந்திருந்தால் இல்லை. காய்ச்சல் இல்லை, இரவில் வலியோடு எழுந்ததும் இல்லை. எக்ஸ்ரே பார்த்த எலும்பு மருத்துவர் ஆஸ்குட் ஷ்லாட்டர் என்றார், அதாவது வளரும் வயதில் தொடைத் தசை இழுப்பதால் முட்டிக்குக் கீழே எலும்பில் வரும் வலி. வளர்ச்சி முடிந்தால் பெரும்பாலும் தானே அடங்கிவிடுமாம்.

ஆறு வாரம் ஆட்டத்தை நிறுத்தினோம். ஐஸ் ஒத்தடம், தொடைத் தசையை நீட்டும் பயிற்சி, முட்டிக்குக் கீழே கட்டும் பட்டை எல்லாம் பார்த்தாகிவிட்டது. பாதி குறைந்தது, மறுபடி ஓடத் தொடங்கியதும் திரும்பிவிட்டது.

இப்போது பிசியோதெரபிஸ்ட் 10 நாள் அல்ட்ராசவுண்டும் (ஸ்கேன் இல்லை, ஒலி அலையால் தரும் சிகிச்சை) டென்ஸும் சொல்கிறார். டென்ஸ் தோல் வழியாக நரம்பைத் தூண்டும் மெல்லிய மின்சாரம்தான், அதில் எனக்கு அவ்வளவு பயமில்லை. அல்ட்ராசவுண்டுதான் உறுத்துகிறது: 1 மெகாஹெர்ட்ஸ், தொடர் முறை, அதாவது ஆழத்தில் சூடேற்றும் வகை. வலிக்கும் இடமோ எலும்பு வளரும் குருத்தெலும்புப் பகுதி. அங்கே சூடேற்றும் சிகிச்சைகளைத் தவிர்க்கச் சொல்லித்தான் பிசியோ பாடங்களில் எச்சரிக்கை இருக்கிறது. கேட்டால், "அளவைக் குறைத்து வைப்போம்" என்கிறார். மனம் ஒப்பவில்லை, முதல் நாளைத் தள்ளிப்போட்டிருக்கிறேன்.

குழந்தைகளைப் பார்க்கும் பிசியோ, எலும்பு மருத்துவர் யாராவது சொல்லுங்கள்: அளவைக் குறைத்தால் இந்த இடத்தில் அல்ட்ராசவுண்ட் வைக்கலாமா, இல்லை டென்ஸும் பயிற்சியும் மட்டும் போதும் என்று மறுத்துவிடலாமா?