புதுப்பிப்பு: கிளீவ்லாந்தில் வாடகைக்காரருடன் விற்பனைக்கு வந்த வீடு

கலிபோர்னியாவில் இருந்துகொண்டு, ஒஹாயோ மாநிலத்தின் கிளீவ்லாந்தில் பழுதுபார்த்து வாடகைக்காரரையும் குடிவைத்து விற்கப்படும் 1926ஆம் ஆண்டு வீட்டை நேரில் பார்க்காமலே வாங்கலாமா என்று கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி. வீட்டை வாங்கவில்லை.

கைகொடுத்தது, விற்பவர் தரும் ஆய்வறிக்கையை நம்பாமல் சொந்தச் செலவில் ஆய்வாளரை அமர்த்தி, கழிவுநீர்க் குழாய்க்குள் கேமராவையும் விடச் சொன்ன யோசனைதான். புதுப் பெயின்ட்டும் புதுத் தரையுமாகப் பளபளத்த அந்த வீட்டின் அடியில், பழைய சுட்டமண் குழாயின் இணைப்புகளில் மரவேர்கள் தேங்காய் நார்போல அடைத்துக்கொண்டிருந்ததைக் காணொளியில் பார்த்தேன். 1978க்கு முன் கட்டிய வாடகை வீடுகளுக்கு பழைய பெயின்ட்டிலுள்ள நச்சு ஈயத்தால் (lead) ஆபத்தில்லை என்று காட்டும் ஈயப் பாதுகாப்புச் சான்றிதழைக் கட்டாயமாக்கி அந்நகரம் 2019இல் சட்டம் இயற்றியதையும் ஒருவர் சுட்டியிருந்தார். கேட்டபோது, விற்பவரிடம் அது இல்லை.

நான் எதிர்பாராதது வாடகைக்காரர் விஷயம். வாடகை, வைப்புத்தொகை, பாக்கி ஆகியவற்றைக் குடியிருப்பவரே கையொப்பமிட்டு உறுதிசெய்யும் எஸ்டாப்பல் கடிதத்தை வற்புறுத்திக் கேட்ட பிறகுதான், முதல் இரண்டு மாதம் வாடகை இல்லை என்ற சலுகையில் அவர் வந்திருந்ததும், எனக்குக் காட்டப்பட்ட வருமானக் கணக்கிலுள்ள வாடகையை அவர் ஒருமுறைகூடச் செலுத்தியிராததும் தெரியவந்தன. ‘குடியிருக்கிறார்’ என்பதை ‘வாடகை தருகிறார்’ என்று நானாகவே வாசித்திருக்கிறேன்.

ஆய்வு திருப்தியில்லையென்றால் விலகலாம் என்று ஒப்பந்தத்தில் இருந்த ஆய்வு நிபந்தனைக்கான பத்து நாள் கெடு முடியும் முன்பே எழுத்துமூலம் விலகியதால் முன்பணம் முழுவதும் திரும்பியது. ஆய்வுக்கும் கேமராவுக்கும் கொடுத்த 700 டாலர் மட்டுமே செலவு.