வீட்டு வேலை செய்யும் பெண்கள் எங்கள் கூட்டத்துக்கு ஏன் வருவதில்லை?

கயல்விழி:
எங்கள் அடுக்ககத்துப் பெண்கள் மாதந்தோறும் கூடிப் பணியிடப் பாதுகாப்பு, சொத்துரிமை ஆகியவற்றைப் பேசி வருகிறோம். எங்கள் வீடுகளில் வேலை செய்யும் பெண்களை இருமுறை அழைத்தோம். பின்வரிசையில் அமர்ந்திருந்தார்கள், ஒன்றும் பேசவில்லை. மூன்றாம் முறை வரவில்லை. பெண்ணியம் அவர்களுக்கும் உரியது என்று மனதார நம்புகிறேன். எங்கே தவறுகிறோம்?

செல்வராணி:
என் அம்மா இருபது ஆண்டுகள் வீட்டு வேலை செய்தவர். சம்பளம் கொடுப்பவர் முன்வரிசையில் இருக்கையில், வார விடுப்பு வேண்டுமென்றோ, தனித் தம்ளரில் காபி தருவது வலிக்கிறதென்றோ எப்படி எழுந்து சொல்வார்? நீங்கள் எடுத்துக்கொண்ட பொருள்களில் ஒன்றாவது அவர்கள் கேட்டதா என்று முதலில் பாருங்கள்.

நஸ்ரின்:
பணியிடப் பாதுகாப்பையே எடுத்துக்கொள்வோம். ராஜஸ்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்றதற்காக, குயவர் சமூகத்தைச் சேர்ந்த அரசுத் திட்டப் பணியாளர் பன்வாரி தேவி 1992இல் கூட்டுப் பாலியல் வன்முறைக்கு ஆளானார். 1995இல் விசாரணை நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவர்களை வல்லுறவுக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. அவருக்கு நேர்ந்ததை முன்வைத்துப் பெண்கள் அமைப்புகள் தொடுத்த வழக்கில்தான் 1997இல் பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க உச்ச நீதிமன்றம் வகுத்த விசாகா நெறிமுறைகளும், அவற்றின் வழியே அதற்கான 2013ஆம் ஆண்டுச் சட்டமும் வந்தன. அந்தச் சட்டத்தில் அலுவலகப் பெண்ணுக்கு, நிறுவனத்துக்குள்ளேயே அமைக்கப்படும் உள்ளகப் புகார்க் குழுவின் விசாரணை உண்டு. வீட்டுப் பணியாளர் மாவட்டத்திலுள்ள உள்ளூர்ப் புகார்க் குழுவிடம்தான் செல்ல வேண்டும். முகாந்திரம் இருந்தால் அக்குழு ஏழு நாள்களுக்குள் புகாரைக் காவல்துறைக்கு அனுப்பிவிடும். வேலை கொடுத்தவர் மீது காவல் நிலையத்தில் வழக்கு நடத்தும் துணிவு எத்தனை பேருக்கு வரும்? உள்ளூர்க் குழுவிலாவது பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட அல்லது சிறுபான்மைச் சமூகப் பெண் ஒருவர் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை உள்ளது. உள்ளகக் குழுவுக்கு அதுவும் இல்லை. இந்தக் குறையைப் பற்றி நம் கூட்டங்களில் பேசி நான் கேட்டதில்லை.

கயல்விழி:
இந்த வேறுபாட்டை அறியாமலே சட்டத்தைப் பற்றி அவர்கள் முன் பேசியிருக்கிறேன், வருந்துகிறேன். இனி அழைப்பதையே நிறுத்திவிடலாமா?

செல்வராணி:
நிறுத்த வேண்டாம், அவர்கள் கூடும் இடத்துக்கு நீங்கள் செல்லுங்கள். திண்டுக்கல் ஆடை ஆலை ஒன்றில் வேலை செய்த தலித் இளம்பெண் 2021இல் கொலையுண்ட பின், தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் தொழிற்சங்கம் போராடி, 2022 ஏப்ரலில் ஓர் ஒப்பந்தத்தைப் பெற்றது. பாலினத் துன்புறுத்தலோடு சாதித் துன்புறுத்தலையும் அதில் எழுத வைத்தவர்கள் அந்தத் தொழிலாளர்களே. வெளியிலிருந்து வந்தவர்கள் துணை நின்றார்கள். உங்கள் பகுதியிலும் வீட்டுப் பணியாளர் சங்கம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். சங்கம் கேட்கும் கூலியை உங்கள் அடுக்ககம் ஏற்குமா என்பதை, அவர்கள் இல்லாத அடுத்த கூட்டத்தில் நீங்கள் பேசி முடிவு செய்யலாம்.