கிரேடு 3 பியானோ பரீட்சை: யூடியூப் வீடியோ பாத்து தயாராகறது உதவுமா, கெடுக்குமா?

இடதுகை_அப்பா:
எல்லாருக்கும் வணக்கம். எனக்கு மியூசிக் சுத்தமா தெரியாது, கேள்வி சின்னப்புள்ளத்தனமா இருந்தா கோச்சுக்காதீங்க. பொண்ணு ஏபிஆர்எஸ்எம் (இங்கிலாந்து மியூசிக் பரீட்சை போர்டு) கிரேடு 3 பியானோவுக்கு ரெடி ஆகிட்டு இருக்கா, எக்ஸாமினர் முன்னாடி நேர்ல உக்காந்து வாசிக்கற பிராக்டிகல் பரீட்சை. புக்ல இருக்கற பீஸ் (பரீட்சைல வாசிக்கற பாட்டு) பேரை யூடியூப்ல போட்டா ஒவ்வொண்ணுக்கும் வண்டி வண்டியா வீடியோ வருது, அதுல ஒரு சேனல் அவளுக்கு ரொம்ப புடிச்சுப்போச்சு, அதையே திரும்பத் திரும்ப போட்டு பாத்து பாத்து அப்படியே வாசிக்கறா, கேக்க எனக்கு நல்லாத்தான் இருக்கு. ஆனா டீச்சர் என்னடான்னா, நோட்ஸையே பாக்க மாட்டேங்கறா, நடுவுல ஒரு இடத்தை காட்டி இங்கேர்ந்து வாசின்னு சொன்னா முழிக்கறா, மொதல்ல வீடியோவை நிறுத்துங்கன்னு சொல்லிட்டாங்க. நிறுத்துனா வீட்ல ஒரே அழுகை. முழுசா நிறுத்தணுமா, இல்ல பாக்கறதுக்குன்னு ஏதாவது முறை இருக்கா? எந்த வீடியோ சரி எது தப்புன்னு என்னை மாதிரி ஆளுங்க எப்படி கண்டுபிடிக்கறது?

கீபோர்டு_மிஸ்:
சார், நானும் பியானோ சொல்லிக்குடுக்கறவதான், உங்க டீச்சர் சொல்றதுல பாதி எனக்கு சம்மதம், பாதி இல்ல. கேக்காம மியூசிக் வராது, கேள்வி ஞானம்னு சும்மாவா சொன்னாங்க. பிரச்சனை வீடியோ பாக்கறதுல இல்ல, ஒரே வீடியோவை பாக்கறதுல இருக்கு. வழி தெரிஞ்சவர் வண்டிக்கு பின்னாடியே ஓட்டிட்டு போய் சேந்துட்டவருக்கு அடுத்த தடவை தனியா போகத் தெரியாதில்ல, அதேதான். மொதல்லேர்ந்து வாசிச்சா கை தானா ஓடும், நடுவுல விட்டா எங்க இருக்கோம்னே தெரியாது. பரீட்சைல பதட்டத்துல ஒரு இடம் தடுமாறினா திரும்ப ஏறிக்கறதுக்கு கண்ணுக்கு நோட்ஸ் தெரியணும், அதுக்குத்தான் "இங்கேர்ந்து வாசி"ன்னு கேக்கறாங்க, உங்க பொண்ணை மடக்கறதுக்கு இல்ல.

நான் என் பசங்களுக்கு சொல்றது, ஒரு பீசுக்கு குறைஞ்சது மூணு பேர் வாசிச்சது கேளு. கேக்கும்போது புக்கு மடில திறந்து இருக்கணும், விரலை வெச்சு வரியை தொடரணும். மூணும் மூணு விதமா இருக்கும், ஒருத்தர் வேகமா போவார், ஒருத்தர் கடைசி பார்ல (தாளக்கட்டத்துல) நல்லா இழுப்பார், ஒருத்தர் ஸ்டகாட்டோ புள்ளியை (வெட்டி வெட்டி வாசிக்கச் சொல்ற குறியை) கண்டுக்கவே மாட்டார். "யாரு புக்ல இருக்கறபடி வாசிச்சாங்க?"ன்னு கேளுங்க, அந்த ஒரு கேள்விக்கு பதில் சொல்ல அவ நோட்ஸை பாத்தே ஆகணும், சண்டையே வேண்டாம். எது சரி எது தப்புன்னு நீங்க கண்டுபிடிக்கவும் வேண்டாம், அவளே உங்களுக்கு சொல்லுவா.

ரெண்டு விஷயத்துல மட்டும் கண்டிப்பா உஷாரா இருங்க. ஒண்ணு ரிப்பீட். வீடியோல முக்கால்வாசி பேர் ரிப்பீட் குறி வந்தா திரும்ப வாசிச்சுடுவாங்க, ஆனா ஏபிஆர்எஸ்எம் பரீட்சைல சிலபஸ்ல தனியா சொல்லியிருந்தா ஒழிய ரிப்பீட் வாசிக்கக் கூடாது, ஃபர்ஸ்ட் டைம் பாரையும் (மொத தடவைக்கு மட்டும்னு போட்டிருக்கறது) விட்டுட்டு நேரா செகண்ட் டைம் பாருக்கு (ரெண்டாம் தடவைக்கு போட்டிருக்கறது) போயிடணும். அதே சமயம் டா காப்போ (ஆரம்பத்துக்கு திரும்பிப்போ), டால் செக்னோ (குறி போட்ட இடத்துக்கு திரும்பிப்போ) போட்டிருந்தா அதை விடக்கூடாது, வாசிக்கணும். இதை குழப்பிக்கிட்டு பரீட்சைல கை எங்கயோ போற பசங்க நெறைய. ரெண்டாவது விரல். வீடியோல வாசிக்கறவர் பெரியவர், அவர் கை எட்டு கட்டையை அசால்டா எட்டும், பொண்ணு கைக்கு அந்த ஃபிங்கரிங் சரிவராது. புக்ல போட்டிருக்கற விரல் நம்பர்கூட ஒரு யோசனைதான், எக்ஸாமினர் எந்த விரல்னு மார்க் போட மாட்டார், வாசிக்கறது எப்படி கேக்குதுன்னுதான் பாப்பார். அதனால டீச்சரும் அவளும் பேசி முடிவு பண்ணின விரலை பென்சில்ல எழுதி வெச்சுக்கிட்டு அதையே புடிச்சுக்கணும்.

லேட்டா_கத்துக்கறவன்:
மிஸ் சொன்னதுக்கு மேல ஒண்ணு ரெண்டு சேக்கறேன். நான் வேலைக்கு போய்ட்டு வந்து ராத்திரி ஹெட்ஃபோன் மாட்டிக்கிட்டு டிஜிட்டல் பியானோல தட்டற கேஸ், கிரேடு 5க்கு ட்ரை பண்றேன், வாரத்துக்கு ஒரு கிளாஸ்தான், மீதி நாள் வீடியோதான் எனக்கு துணை. ஸ்பீடை 0.75 இல்ல 0.5 வெச்சு பாருங்க அண்ணா, சுருதி மாறாது, வேகம் மட்டும் கொறையும். கம்ப்யூட்டர்ல பாக்கறீங்கன்னா வீடியோவை நிறுத்திட்டு கமா, முற்றுப்புள்ளி இருக்கற கீயை தட்டினா ஒவ்வொரு ஃப்ரேமா நகரும், கட்டைவிரல் எந்த நேரத்துல அடில போகுதுன்னு அப்படித்தான் நான் பாப்பேன். சில சமயம் சவுண்டை சுத்தமா அணைச்சுட்டு கையை மட்டும் பாப்பேன், சில சமயம் போனை கவுத்து வெச்சுட்டு காதால மட்டும் கேப்பேன். ரெண்டையும் சேத்து செஞ்சா கண்ணுதான் ஜெயிக்குது, காது தூங்கிடுது, இது என் அனுபவம், மத்தவங்களுக்கு எப்படியோ.

கூடவே சேந்து வாசிக்கறதை மட்டும் விட்டுடுங்க. அவர் காலப்பிரமாணத்துக்கு பின்னாடி நாம ஓடறோம், நம்ம தாளத்தை நாம புடிக்கறதே இல்ல. அதுக்கு பதிலா டேப் டெம்போ ஆப் ஒண்ணு போட்டு வீடியோவோட பீட்டுக்கு தட்டிப்பாருங்க, அவர் எவ்வளவு வேகம்னு நம்பர் வரும், அதை புக்ல போட்டிருக்கற மெட்ரோனோம் நம்பரோட (நிமிஷத்துக்கு எத்தனை பீட்னு சொல்றது) ஒத்துப்பாருங்க. ரெண்டு மூணு வீடியோவுக்கு செஞ்சாலே தெரிஞ்சுடும், நெறைய பேர் கெத்து காட்டறதுக்கு தேவைக்கு மேல ஓட்டறாங்க. புக்ல அந்த நம்பர் சதுர அடைப்புக்குள்ள இருந்தா அது எடிட்டர் குடுத்த யோசனை, கம்போசர் போட்டது இல்ல, கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தா ஒண்ணும் ஆகாது.

அப்புறம் ஒரு கூத்து. பழைய பரோக் காலத்து பீசை ஹார்ப்சிகார்டுல (பியானோவுக்கு முந்தின கட்டை வாத்தியம்) வாசிச்ச ரெக்கார்டிங் போட்டா நம்ம பியானோவோட ஒட்டாம அரை ஸ்வரம் கீழ கேக்கும். பியானோ டியூனிங் போச்சுன்னு பயப்படாதீங்க. இப்போ வழக்கமா ஏ ஸ்வரம் 440 ஹெர்ட்ஸ், அந்தக் கால வாத்தியத்துல வாசிக்கறவங்க 415க்கு இறக்கி வெச்சுப்பாங்க, அவ்வளவுதான். காது கூர்மையா இருக்கற பசங்க இதுல குழம்பிடுவாங்க.

விழும்_கட்டை:
எல்லாரும் வீடியோவை திட்டறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிக்கறேன், கலர் கலரா கட்டை மேலேர்ந்து விழுமே அந்த வீடியோ பாத்துத்தான் நான் பியானோ பக்கமே வந்தேன், அது இல்லன்னா இன்னிக்கு நோட்ஸ் படிக்கற ஆளாவே ஆகியிருக்க மாட்டேன். குழந்தை ஆசையா உக்காந்து வாசிக்குதுல்ல, அதை புடுங்காதீங்க சார்.

கீபோர்டு_மிஸ்:
@விழும்_கட்டை யாரும் திட்டலப்பா :) ஆசை வர்றதுக்கு அது நல்ல வழி, நான் ஒத்துக்கறேன். கிரேடு பரீட்சைக்குன்னு வரும்போதுதான் பத்தாது. அந்த வீடியோல எந்த விரல்னு இருக்காது, ஃப்ரேஸ் (இசைல ஒரு வாக்கியம் மாதிரி) எங்க ஆரம்பிச்சு எங்க மூச்சு விடுதுன்னு இருக்காது, ரெஸ்ட் வந்தா வெறும் கறுப்பு இடம்தான், ஒரு கலர் சதுரத்தை பாத்து இது மெதுவா இது அழுத்தமான்னு சொல்ல முடியுமா சொல்லு.

@இடதுகை_அப்பா முக்கியமான கணக்கு ஒண்ணு விட்டுப்போச்சு. மொத்தம் 150 மார்க், பாஸ் 100, மெரிட் 120, டிஸ்டிங்ஷன் 130. மூணு பீசுக்கும் தலா 30, ஆக 90தான். ஸ்கேல்ஸ் (ஸ்வர வரிசை) 21, சைட் ரீடிங் 21, ஆரல் (காதால கேட்டு பதில் சொல்றது) 18. மூணு பீசையும் வீடியோல இருக்கறவரை விட பிரமாதமா வாசிச்சு முழு மார்க் வாங்கினாக்கூட 90தான், பாஸ் ஆகாது! சைட் ரீடிங்ல இதுவரைக்கும் பாக்காத ஒண்ணை குடுத்து அரை நிமிஷம் பாத்துக்கன்னு விடுவாங்க, அதுக்கு எந்த சேனலும் உதவாது. நோட்ஸ் பாக்காத பழக்கம் நேரா அங்கதான் வந்து அடிக்கும், உங்க டீச்சர் கவலை இதுதான்னு நினைக்கறேன். பொண்ணு வீட்ல பீசுக்கு எவ்வளவு நேரம், மத்த மூணுக்கும் எவ்வளவு நேரம் செலவு பண்றான்னு ஒரு வாரம் கவனிச்சு பாருங்க.

இடதுகை_அப்பா:
அய்யோ மிஸ், இந்த 90 கணக்கு எனக்கு தெரியவே தெரியாது, ஸ்கேல்ஸ் எல்லாம் சும்மா வார்ம் அப்புன்னு நினைச்சுட்டு இருந்தேன். மூணு வீடியோ ஐடியாவை நேத்து செஞ்சு பாத்தோம். ஒரு வீடியோல ரெண்டாவது வரியில அந்த ஆளு லெகாட்டோவை (சேத்து வாசிக்கறதை) விட்டுட்டு தனித்தனியா தட்டறான்னு அவளே கண்டுபிடிச்சு ஒரே குஷி, இப்போ எல்லாரையும் தப்பு சொல்றதே வேலையா வெச்சிருக்கா. டீச்சர்கிட்டயும் சொன்னேன், சிரிச்சாங்க.

இன்னொரு கேள்வி. இவளுக்கு வீடியோ பாத்து வாசிக்கறது நல்லா வருது, சைட் ரீடிங் பயம். வீடியோ எடுத்து அனுப்பற பரீட்சை ஒண்ணு இருக்காமே, அதுக்கு மாத்திடலாமா? வீட்ல போன்ல எடுத்தா போதுமா?

பெடல்புலி:
சார் அது பேரு பெர்ஃபார்மன்ஸ் கிரேடு, 2020ல கொண்டுவந்தது. பையனுக்கு அதுலதான் குடுத்தோம். அதுல ஸ்கேல்ஸ், சைட் ரீடிங், ஆரல் எதுவும் கிடையாது, மூணுக்கு பதிலா நாலு பீஸ், தலா 30, மொத்த நிகழ்ச்சியும் சேந்து எப்படி இருந்ததுன்னு இன்னொரு 30, ஆக அதே 150. சுலபம்னு நினைச்சுடாதீங்க. நாலையும் ஒரே மூச்சுல வாசிச்சு ஒரே ரெக்கார்டிங்கா அனுப்பணும், மூணு நல்லா வந்து நாலாவது சொதப்பினா அந்த நாலாவதை மட்டும் தனியா எடுத்து ஒட்ட முடியாது, எடிட்டிங் கூடவே கூடாது. எத்தனை தடவை வேணாலும் எடுத்து அதுல நல்லதை அனுப்பலாம், அதுதான் வசதி, அதுதான் வினையும். இன்னொண்ணு எடுப்போம் இன்னொண்ணு எடுப்போம்னு போய் கடைசியில குழந்தை களைச்சுப்போய் வாசிக்கறது மொத டேக்கை விட மோசமா இருக்கும். ஒரு உக்கார்றதுல இத்தனை டேக்குக்கு மேல கிடையாதுன்னு முன்னாடியே பேசி வெச்சுக்கோங்க.

போன் போதும் சார், கேமரா பக்கவாட்டுல இருக்கணும், முகம், கை, கட்டை எல்லாம் தெரியணும். ஸ்டாண்டு இல்லாம கையில புடிச்சு எடுக்காதீங்க. ரொம்ப முக்கியம் சவுண்டு. நெறைய போன்ல தானா வால்யூமை சமன் பண்ற வேலை நடக்கும், மெதுவா வாசிச்சா தூக்கிக்கும், சத்தமா வாசிச்சா அமுக்கிடும். குழந்தை கஷ்டப்பட்டு கொண்டுவந்த மெதுவா (பியானோ), சத்தமா (ஃபோர்ட்டே) வித்தியாசமெல்லாம் வீடியோல ஒரே லெவலா கேக்கும். அந்த ஆட்டோ செட்டிங்கை அணைக்கற மாதிரி ஒரு ரெக்கார்டிங் ஆப் இருந்தா போட்டுக்கோங்க, போனை பியானோ மேலயே வைக்காம ஒரு ஆள் தூரம் தள்ளி வைங்க, மொத்தத்துலயே சத்தமான இடத்தை மொதல்ல டெஸ்ட் எடுத்து கிறீச்சுன்னு உடையுதான்னு பாத்துட்டு அப்புறம் ஆரம்பிங்க. பரீட்சைக்கு இல்லன்னாலும் இது தெரிஞ்சு வெச்சுக்கறது நல்லது, யூடியூப்ல சிலர் ஏத்த இறக்கம் இல்லாம வாசிக்கற மாதிரி கேக்கறதுக்கு மைக்கும் ஒரு காரணமா இருக்கும்.

லேட்டா_கத்துக்கறவன்:
மாத்தறதுக்கு முன்னாடி டீச்சர்கிட்ட ஒரு வார்த்தை அண்ணா. சைட் ரீடிங் பயம்னு ஓடினா அது அடுத்த கிரேடுல பெருசாகி நிக்கும், பீஸ் நீளமாக நீளமாக பாத்து காப்பி அடிக்கறதுக்கு ஒரு எல்லை இருக்கு. ட்ரினிட்டின்னு இன்னொரு பரீட்சை போர்டு இருக்கு, அந்தப் பக்கமும் ஒரு தடவை பாருங்க, அங்க 100 மார்க்ல பீசுக்கே 66 போயிடுது, பாஸ் 60. கிரேடு 3 அளவுல சைட் ரீடிங், ஆரல், இம்ப்ரோவைசேஷன் (அப்பவே கற்பனையா வாசிக்கறது), மியூசிக்கல் நாலெட்ஜ், இந்த நாலுல ரெண்டை நாமளே தேர்ந்தெடுத்துக்கலாம்.

கீபோர்டு_மிஸ்:
ஆமா, போர்டு மாத்தறது டீச்சர் கூட உக்காந்து பேச வேண்டிய விஷயம். ஆனா எந்த பரீட்சையா இருந்தாலும் இப்போலேர்ந்தே வாரத்துக்கு ஒரு தடவை அவ வாசிக்கறதை ரெக்கார்டு பண்ணுங்க சார், அனுப்பறதுக்கு இல்ல, கேக்கறதுக்கு. எடுத்த உடனே போட்டு காட்டாதீங்க, மறுநாள் கேளுங்க, வாசிச்ச சூடு அடங்கினாத்தான் காது நியாயமா கேக்கும். எக்ஸாமினர் பீசுக்கு மார்க் போடும்போது ஸ்வரம், தாளம், நாதம், ஃப்ரேசிங்கோட வடிவம், மொத்த வாசிப்பு, இந்த அஞ்சையும் பாப்பாங்க. ஒரு தடவை கேக்கும்போது ஒண்ணை மட்டும் கவனிக்கச் சொல்லுங்க. மத்தவங்க லெகாட்டோவை விட்டதை கண்டுபிடிக்கற காது இருக்கே, அதை அவ ரெக்கார்டிங் பக்கம் திருப்பி விடுங்க. ஆனா தப்பை நீங்க சொல்லக்கூடாது, அவ பென்சிலை எடுத்து புக்ல வட்டம் போடட்டும், நீங்க பக்கத்துல சும்மா உக்காந்தா போதும்.

ஆரலுக்கு வீடியோ தாராளமா போடலாம், அங்க நான் தடையே சொல்ல மாட்டேன். கிரேடு 3ல பீட்டுக்கு கை தட்டி ரெண்டா மூணா நாலான்னு சொல்லணும், கேட்டதை எதிரொலி மாதிரி திருப்பி பாடணும், ரெண்டாம் தடவை வாசிக்கும்போது என்ன மாறிச்சுன்னு சொல்லணும். ஒரே வீடியோவை ரெண்டு தடவைக்கு மேல போட்டா பதில் மனப்பாடம் ஆயிடும், மாத்தி மாத்தி போடுங்க. பாடறதுக்கு கூச்சப்படுவா, நீங்களும் சேந்து பாடுங்க.

இடதுகை_அப்பா:
நான் பாடினா அவ பரீட்சையே வேண்டாம்னுடுவா மிஸ் :) சரி, இப்போதைக்கு பிராக்டிகல்லயே இருக்கட்டும்னு வீட்ல பேசியிருக்கோம், தினம் மொத பத்து நிமிஷம் சைட் ரீடிங், வீடியோ கடைசியிலதான். டீச்சர் கீழ்கிரேடு புக்கு ஒண்ணு சைட் ரீடிங்குக்குன்னு குடுத்திருக்காங்க. @பெடல்புலி அந்த ரெக்கார்டிங் ஆப் என்னன்னு கொஞ்சம் மெசேஜ் பண்ணுங்க.