புதுப்பிப்பு: மாடி ஆப்பிளுக்கு எத்தஃபான் - ஒரு திருத்தம்

கொளத்தூர் மாடித்தோட்டங்களில் ‘அன்னா’ ரக ஆப்பிள் சிவக்க எத்தஃபான் (காயைப் பழுக்க வைக்கும் எத்திலீன் வாயுவைத் தரும் மருந்து) தெளிக்கலாம் என்று முன்பு எழுதியிருந்தேன். அதில் தண்ணீரைப் பற்றிச் சொல்லாதது பெரிய குறை. எத்தஃபான் அமிலத்தில்தான் நிலைக்கும். பிஎச் (அமில-கார அளவு) 5-ஐத் தாண்டினால் உடைந்து எத்திலீனாகப் பறக்கத் தொடங்கும். அதனால், பெரும்பாலும் காரமாக இருக்கும் உப்பு போர் தண்ணீர் வேண்டாம். கேன் தண்ணீரில், தெளிக்கும் நேரத்தில் மட்டும் கலக்குங்கள். 39% மருந்து லிட்டருக்கு 0.6 மி.லி., அதாவது சுமார் 250 பிபிஎம் (பத்து லட்சத்தில் 250 பங்கு). கூடினால் பழம் மாவாகும், காம்பு கழன்று உதிரும். பெரிய தோட்டங்களில் கூடவே என்.ஏ.ஏ. என்ற இன்னொரு வளர்ச்சி ஊக்கியைத் தெளிப்பது அந்த உதிர்வைத் தடுக்கத்தான்.

இன்னொன்று: சிவப்பு நிறமான ஆந்தோசயனினுக்கு நேரடி வெயிலும் குளிர்ந்த இரவும் வேண்டும். நம்ம மே மாதப் புழுக்கத்தில் எத்திலீன் ஹார்மோன் பழுக்க வைக்கும், காஷ்மீர் சிவப்பைத் தராது. பழத்தை மறைக்கும் இலைகளை முதலில் கிள்ளுங்கள். அந்த நிறச்சத்து பெரும்பாலும் தோலில்தான். நன்றாகக் கழுவி, சீவாமல் சாப்பிடுங்கள்.