கியர்பாக்ஸ் ஆயில் மாற்றிய அனுபவங்கள்: மதுரைப் பக்கத்துக்காரர்கள் சொல்லுங்கள்

கே.கே. நகர்:
என்னிடம் இருப்பது ஹோண்டா சிட்டி, 2015 மாடல், சிவிடி (கியர் படிகள் இல்லாத ஆட்டோமேட்டிக்). கோரிப்பாளையம் சிக்னலில் ஊர்ந்து கிளம்பும்போதெல்லாம் லேசாக ஓர் உதறல். ஆயிலை மாற்றிப் பார்க்கலாம் என்று ஒரு பட்டறைக்குப் போனால், அங்கிருந்தவர் சிவப்பு ஏடிஎஃப் (சாதாரண ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) கேன் ஒன்றை எடுத்து வைத்தார். "எல்லா ஆட்டோமேட்டிக்குக்கும் இதான் சார், டெக்ஸ்ரான் 3." வண்டியோடு வந்த புத்தகத்தில் ஹோண்டாவின் சிவிடி ஆயிலான எச்சிஎஃப்-2 மட்டும் என்று போட்டிருப்பதைக் காட்டினேன். "கம்பெனிக்காரன் அவன் சரக்கை விக்க அப்படித்தான் எழுதுவான்" என்றார்.

அவர் சொன்னதில் பாதி உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் சிவிடியின் உள்ளே நடப்பதே வேறு. இரண்டு புல்லி, நடுவில் ஓர் இரும்பு பெல்ட். இரும்பு இரும்பைக் கவ்விப் பிடிக்க வேண்டும். அந்தப் பிடியைக் கொடுப்பது நடுவில் இருக்கும் மெல்லிய ஆயில் படலம். சாதாரண ஏடிஎஃப், கிளட்ச் தட்டுகளுக்காகச் செய்தது. அதை ஊற்றினால் பெல்ட் வழுக்கும், புல்லியில் கீறல் விழும், அப்புறம் மொத்த கியர்பாக்ஸுக்கும் செலவு. ஹோண்டாவின் பழைய சிவிடிகளுக்கு வந்த எச்எம்எம்எஃப்கூட இதில் கலக்கக் கூடாது. எச்சிஎஃப்-2 தேடி வாங்கி வேறு இடத்தில் மாற்றினேன். உதறல் முழுசாகப் போகவில்லை, நன்றாகக் குறைந்திருக்கிறது.

தெப்பக்குளம், பட்டறை வைத்திருப்பவர்:
சார் சொன்னது சரி. நிறத்தையும் பிராண்டையும் விடுங்கள், கேனின் பின்பக்கம் உங்கள் கியர்பாக்ஸுக்கான ஆயில் குறியீடு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இன்னோவா கிரிஸ்டா ஆட்டோமேட்டிக்கா, டொயோட்டா டபிள்யூஎஸ். கிரெட்டா ஆறு கியர் ஆட்டோமேட்டிக்கா, எஸ்பி-4. அவ்வளவுதான்.

ஆயில் வாங்குவதைவிட மாற்றும்போதுதான் அதிகம் கெடுகிறது. ஆயிலை வடிக்கும் டிரெயின் போல்ட்டில் கை வைக்கும் முன், ஆயில் ஊற்றும் ஃபில்லர் போல்ட் கழல்கிறதா என்று பாருங்கள். வீட்டு வாசலிலேயே யூடியூப் பார்த்து வேலை செய்த ஒரு தம்பி, கீழே மொத்தத்தையும் வடித்துவிட்டு மேலே வந்தால் ஃபில்லர் போல்ட் துருப்பிடித்து இறுகிக் கிடக்கிறது. ஆலன் கீ போட்டுத் திருகி உள்பக்க மூலைகளையும் மழுக்கிவிட்டார். ஆயில் இல்லாத வண்டியை ஸ்டார்ட் பண்ணவும் முடியாது. ரெக்கவரி வண்டியில் ஏற்றித்தான் இங்கே வந்தது.

அடுத்தது லெவல். இப்போது வரும் ஆட்டோமேட்டிக் பலவற்றில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் கிடையாது. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, கியர்பாக்ஸ் ஆயில் குறிப்பிட்ட சூட்டில் இருக்கும்போது செக் போல்ட்டைத் திறக்க வேண்டும். நூல் மாதிரி வழிந்து சொட்டாகக் குறையும்போது மூட வேண்டும். அந்தச் சூடு பல வண்டிகளில் 35 முதல் 45 டிகிரி. ஜப்பானில் உட்கார்ந்து எழுதியவருக்கு நம்ம ஊர்க் கத்திரி வெயில் தெரியுமா? மே மாதம் மதியம் நிழலில் நிற்கிற வண்டியே 40 டிகிரியில் இருக்கும். ஸ்டார்ட் பண்ணிக் கியரை எல்லா இடத்துக்கும் தள்ளி முடிப்பதற்குள் அளவைத் தாண்டிவிடும். சூடான ஆயில் விரியும், வேண்டியதற்கு மேல் வெளியே வழியும், ஆறியபின் பார்த்தால் லெவல் குறைவு. அதனால் கோடையில் இந்த வேலைக்கு வண்டியை முதல் நாள் ராத்திரியே விட்டுவிடச் சொல்வேன். விடிந்ததும் ஸ்கேனரை மாட்டி, சூட்டைப் பார்த்துக்கொண்டே முடித்துவிடலாம். வடித்த ஆயிலை அளந்து, முதலில் அதே அளவு ஊற்றிக்கொண்டால் பாதிக் கவலை போச்சு.

டிரெயின் போல்ட்டில் காந்தம் இருந்தால் அதைத் துடைக்கும் முன் விரலில் தேய்த்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் விழுது மாதிரி வழவழவென்று இருந்தால் பயமில்லை. துகள் கையில் குத்தினால் ஆயில் மாற்றிப் பிரயோஜனமில்லை.

ஒரே தடவை வடித்தால் எல்லாம் வந்துவிடாது. இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் இருக்கும் டார்க் கன்வெர்ட்டருக்குள் நிறையத் தங்கிவிடும். அதனால் கொஞ்ச நாள் ஓட்டிவிட்டு மறுபடி ஒருமுறை மாற்றச் சொல்வேன். மிஷின் வைத்து ஃபிளஷ் பண்ணுவதில், அதுவும் ரொம்ப நாள் மாற்றாத பழைய வண்டியில், எனக்கு நம்பிக்கை இல்லை.

உசிலம்பட்டி:
செலிரியோ ஏஜிஎஸ் வைத்திருக்கிறேன். மாருதி ஏஜிஎஸ் என்று சொல்லும் ஏஎம்டி, நம்ம நாட்டில் 2014இல் முதலில் வந்தது இந்த வண்டியில்தான். கடையில் ஆட்டோமேட்டிக் என்று சொன்னதும் ஏடிஎஃப் எடுத்துவிட்டார்கள். அண்ணே, இது உள்ளே சாதா மேனுவல் கியர்பாக்ஸ்தான், கிளட்ச் மிதிப்பதும் கியர் போடுவதும் மட்டும் மிஷின். கியர்பாக்ஸுக்குக் கியர் ஆயில், ஆக்சுவேட்டருக்குத் தனியாக ஹைட்ராலிக் ஆயில்.

மேலூர்:
எங்கள் மச்சான் ஊரில் பண்ணியதைச் சொல்கிறேன். டிராக்டருக்கு வாங்கியதில் மிச்சமிருந்த கெட்டி கியர் ஆயிலைப் பழைய மேனுவல் காருக்கு ஊற்றிவிட்டார். "ரெண்டும் கியர்தானே மாப்ளே." காலையில் இரண்டாவது கியர் விழவே விழாது, மீறித் தள்ளினால் கரகரவென்று சத்தம். அது ஜிஎல்-5 என்கிற தர வகை. பின் ஆக்ஸிலுக்குத் தோதான சரக்கு. காரில் கேட்டது ஜிஎல்-4. ஜிஎல்-5 ஆயிலில் கந்தக மருந்து அதிகம், கியர் மாறும்போது வேகத்தை ஒத்துப்போக வைக்கும் பித்தளை சின்க்ரோ ரிங்குக்கு ஆகாது. வழுக்கலும் கூடுதல் என்பதால் ரிங் பிடிக்காமல் கியர் உரசும். வடித்துவிட்டு 75டபிள்யூ-90 ஜிஎல்-4 போட்டதும் சத்தம் நின்றது. மச்சான் இன்னமும் அது ஆயிலால் இல்லை என்றுதான் சொல்கிறார்.

வத்தலக்குண்டு, டாக்ஸி:
புத்தகத்தில் லைஃப்டைம், அதாவது ஆயிலை மாற்றவே வேண்டாம் என்று போட்டிருந்தாலும், அதே புத்தகத்தில் கடினமான ஓட்டம் என்று தனிப் பட்டியல் இருக்கும், பாருங்கள். மலை, பாரம், வெயில், நெரிசல். கொடைக்கானல் ஏறுகிற எங்கள் வண்டிக்கு நாலுமே பொருந்தும். ஆயிலுக்கு எமன் சூடுதான். கருகிய வாடை வந்துவிட்டால் கிலோமீட்டர் கணக்குப் பார்க்காமல் மாற்றிவிடுவேன். இறக்கத்தில் டி-யிலேயே விடாமல் கியரைக் குறைத்து வருவதால் பிரேக்கும் தப்புகிறது. தெப்பக்குளம் அண்ணே, வண்டியை ராத்திரி விடச் சொன்னீர்களே, எங்களுக்கு ராத்திரியும் சவாரி இருக்கும். கார்த்திகை, மார்கழியில் வந்தால் பகலிலேயே பார்த்துத் தருவீர்களா?