வேலூர் வெயிலில் வீட்டுப் பின்கட்டு மீன் தொட்டி: வருஷம் முழுக்க எப்படிப் பராமரிப்பது?

காட்பாடி புதுத்தொட்டி கேட்டது:

வணக்கம். பின்கட்டில் சிமெண்ட் தொட்டி: 10 அடி நீளம், 8 அடி அகலம், தண்ணீர் 3 அடி நிற்கிறது. கணக்குப்படி 6,800 லிட்டர். அரை அடி நீளக் கோய் (ஜப்பானிய வண்ணக் கெண்டை) 12, கோல்ட்ஃபிஷ் 15 விட்டேன். போர் தண்ணீர்தான், டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்பின் அளவு) 1,400, பிஎச் (அமில-கார அளவு) 8.3. ஃபில்டர் கிடையாது, ஒரு ஏர் பம்ப் மட்டும். அதையும் ராத்திரி நிறுத்திவிடுவேன். பக்கத்தில் வேப்பமரம், ஓரத்தில் இரண்டு அல்லித் தொட்டி.

சித்திரை பிறந்ததும் தண்ணீர் பச்சைப் பசேல் என்று ஆனது. விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து நிற்கின்றன, எட்டு மணிக்கெல்லாம் சரியாகிவிடுகின்றன. மூன்று கோய் செத்துவிட்டன. முழுத் தண்ணீரையும் இறைத்து, சுவரைத் தேய்த்துக் கழுவிப் புதுத் தண்ணீர் விட்டேன். நாலே நாளில் மறுபடி பச்சை. என்ன தப்பு? மழைக்கும் மார்கழிக்கும் என்ன செய்து வைக்க வேண்டும்?

தொட்டிக்காரர் பதில்:

விடியற்காலையில் மட்டும் மூச்சுத் திணறுகிறது என்றால் அது ஆக்ஸிஜன் குறைவு. பச்சைப் பாசி பகலில் ஆக்ஸிஜன் விடும், இரவில் மீனோடு சேர்ந்து அதுவும் இழுக்கும். சூரியன் வருவதற்குச் சற்று முன்னால்தான் தண்ணீரில் ஆக்ஸிஜன் மிகக் குறைவு. அதோடு வெயில் காலத் தண்ணீர் குறைவாகத்தான் ஆக்ஸிஜனைப் பிடித்து வைக்கும்: 25 டிகிரியில் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் என்றால் 32 டிகிரியில் 7.3தான். நீங்கள் பம்ப்பை நிறுத்துவது சரியாக அந்த நேரத்தில். இரவு முழுக்க ஓட வேண்டியது அதுதான், பகலில் நிறுத்தினாலும் பரவாயில்லை. பம்ப்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள், குழாயில் ஒருவழி வால்வு போடுங்கள். இல்லையென்றால் கரண்ட் போகும்போது தண்ணீர் பின்னோக்கி ஏறி பம்ப்புக்குள் போய்விடும். சின்ன இன்வெர்டர் இணைப்பும் கொடுத்துவிடுங்கள். மே மாதத்து இரவில் மூன்று மணி நேர மின்தடையை நெரிசலான தொட்டி தாங்காது.

முழுத் தண்ணீரையும் மாற்றியதுதான் பெரிய தப்பு. சுவரில் வழவழவென்று படிந்திருந்ததில்தான், மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் இருந்தன. அதைத் தேய்த்து எடுத்துவிட்டீர்கள். பாசிக்கு வெயிலும் மிச்சத் தீவனமும் போதும், நாலு நாளில் வரத்தான் செய்யும்.

உடனே 50 சதவீதப் பச்சை நிழல்வலை கட்டுங்கள். தலைக்கு மேல் 7 அடியில் மட்டும் போதாது, மேற்குப் பக்கம் தரை வரை இறக்குங்கள். நம்ம ஊரில் தொட்டியைச் சூடாக்குவது மூன்று மணி வெயில்தான். தீவனம் காலை ஒன்பதுக்கு ஒருமுறை, ஐந்து நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவு. மாலை ஐந்துக்கு மேல் வேண்டாம், செரிக்கவும் ஆக்ஸிஜன் வேண்டும்.

பாலாற்றங்கரை பதில்:

மேலே சொன்னது சரி. ஒன்று சேர்க்கிறேன். பிஎச் 8.3 என்கிறீர்கள், பச்சைத் தண்ணீரில் மதியம் அது 9 வரை போகும், பாசி கரியமில வாயுவை உறிஞ்சிவிடுவதால். 30 டிகிரி சூட்டில், பிஎச் 7 என்றால் மொத்த அம்மோனியாவில் விஷமான பங்கு நூறில் ஒன்றுகூட இல்லை. 8.5 என்றால் ஐந்தில் ஒரு பங்கு விஷம். மதியம் அம்மோனியா, விடியலில் மூச்சுத்திணறல் என்று இரண்டு பக்கமும் அடி வாங்குகிறது உங்கள் மீன். ஃபில்டர் இல்லாமல் தீராது.

200 லிட்டர் நீல டிரம் ஒன்று போதும். ரசாயனம் வந்த டிரம் வேண்டாம். தண்ணீர் அடியில் நுழைந்து மேலே வழிய வேண்டும். அடியில் ஒரு பிளாஸ்டிக் கிரேட்டைக் கவிழ்த்து வையுங்கள், அந்த இடைவெளியில் கசடு தங்கும். அதற்கு மேல் முரட்டு ஸ்பாஞ்ச். அதற்கும் மேல் வெங்காய மூட்டை வலையைச் சுருட்டிச் சுருட்டி அடையுங்கள். ஜல்லியும் போடலாம், ஆனால் கனம் தாங்க அடியில் கான்கிரீட் வேண்டும், கழுவவும் சிரமம். வலையிலும் நுண்ணுயிர்கள் தங்கி அதே வேலை நடக்கும். அடியில் ஒன்றரை அங்குல கேட் வால்வு, மேலே வெளியேற 2 அங்குலக் குழாய். வெளியேறும் குழாய் நுழையும் குழாயைவிடப் பெரிதாக இல்லையென்றால் டிரம் நிரம்பி வழியும், தொட்டி காலியாகும்.

இரண்டு மணி நேரத்தில் தொட்டி முழுவதும் ஒருமுறை சுற்றி வர வேண்டும், அதாவது மணிக்கு 3,400 லிட்டர். பெட்டியில் 5,000 என்று போட்ட சப்மெர்சிபிள் வாங்குங்கள். 5 அடி உயரம் ஏற்றினால் அளவு நன்றாகவே குறையும். ஃபில்டர் பழக, அதாவது அதில் நுண்ணுயிர்கள் பெருக, 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை தீவனம் பாதிதான். வலையைத் தொட்டித் தண்ணீரில் அலசுங்கள், மாநகராட்சிக் குழாயில் கழுவினால் குளோரின் அந்த நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். நாலைந்து மணி நேரம் கரண்ட் இல்லாமல் கிடந்தால், மோட்டார் போடுவதற்கு முன் அடி வால்வைத் திறந்து டிரம் தண்ணீரை வெளியே விடுங்கள். காற்றில்லாமல் உள்ளே கெட்டுப்போன தண்ணீர் அது, அப்படியே தொட்டிக்குள் விழக் கூடாது.

இன்னொன்று, கோய் ஒன்றரை இரண்டு அடி வளரும். மிச்சமிருக்கும் 9 கோய்க்கு 6,800 லிட்டர் போதாது. வளர வளர ஆறாகக் குறைத்துவிடுங்கள்.

குடியாத்தம் குளத்தான் பதில்:

தண்ணீர் ஊற்றுவதும் தண்ணீர் மாற்றுவதும் வேறு வேறு. நாளுக்கு ஒரு சென்டிமீட்டர் ஆவியானால் உங்கள் தொட்டியில் அது 75 லிட்டர். போவது வெறும் தண்ணீர், உப்பு அப்படியே தங்கும். குறைந்ததை மட்டும் நிரப்பிக்கொண்டே இருந்தால் 1,400 டிடிஎஸ் இரண்டு மாதத்தில் 2,000ஐத் தாண்டும். அதனால் வாரம் ஒருமுறை அடியிலிருந்து கசடோடு 700 லிட்டர் சைஃபன் வைத்து இழுத்துவிட்டு, பிறகு நிரப்புங்கள். இழுத்த தண்ணீர் தென்னைக்கும் வாழைக்கும் நல்லது.

போர் தண்ணீரை ஓட்டை போட்ட பிவிசி குழாய் வழியாக, மூன்றடி உயரத்திலிருந்து மழை மாதிரி விழ விடுங்கள். நிலத்தடியிலிருந்து வரும் தண்ணீரில் ஆக்ஸிஜன் இருக்காது. விடிகாலையில் விடுங்கள், மதியம் மாடித் தொட்டித் தண்ணீர் கையே வைக்க முடியாது. காவிரித் தண்ணீர் வரும் நாளில் கலந்தால் உப்பு குறையும். ஆனால் அதிலுள்ள குளோரினை முறிக்க 1,000 லிட்டருக்கு 10 கிராம் ஹைப்போ (சோடியம் தயோசல்பேட்) கரைத்துவிட்டுச் சேருங்கள். ராணிப்பேட்டை, வாணியம்பாடி பக்கம் இதைப் படிப்பவர்கள் தோல் ஆலைகளுக்கு அருகில் இருந்தால், கிணற்றுத் தண்ணீரைக் குரோமியத்துக்கும் சேர்த்து ஆய்வகத்தில் பார்த்துவிட்டு மீன் விடுங்கள்.

காட்பாடி புதுத்தொட்டி:

மிக்க நன்றி அண்ணா. நிழல்வலை இன்றே வாங்குகிறேன். மழைக்கு? டெங்கு சமயத்தில் தெருவில் மருந்துப் புகை அடிக்கிறார்கள், அது மீனைப் பாதிக்குமா?

தொட்டிக்காரர் பதில்:

பாதிக்கும். அந்த மருந்துகளில் பைரித்ராய்டு வகை மீனுக்குக் கடும் விஷம். வண்டிச் சத்தம் கேட்டதும் தார்ப்பாய் போட்டு மூடுங்கள். முக்கியமாக ஏர் பம்ப்பை நிறுத்துங்கள், இல்லையென்றால் அதுவே புகையை இழுத்துத் தண்ணீருக்குள் தள்ளும். புகை கலைந்த பிறகு போடுங்கள். இங்கே மீன் இருக்கிறது என்று ஊழியர்களிடம் சொன்னால் தள்ளி அடிப்பார்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன்னால் தொட்டி விளிம்பு தரையைவிட அரை அடி உயர்ந்திருக்கிறதா பாருங்கள். தோட்டத்து உரத் தண்ணீர் உள்ளே ஓடி வரக் கூடாது. விளிம்புக்கு மூன்று அங்குலம் கீழே வழிகுழாய், வாயில் வலை. மூட்டமான நாளில் பாசி ஆக்ஸிஜன் விடாது, அன்று பகலிலும் பம்ப் ஓடட்டும், தீவனம் வேண்டாம்.

மாசி, பங்குனியில் வேப்பிலை கொட்டும்போது தினமும் வலையால் அள்ளுங்கள். அடியில் தங்கி மட்கினால் கறுப்புச் சேறாகி அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். அந்தச் சேற்றை ஒரே நாளில் கலக்கி எடுக்காதீர்கள், அடங்கியிருக்கும் விஷவாயு மொத்தமாக மேலே வரும். வாரத்துக்குக் கால் பங்கு எடுங்கள்.

மார்கழியில் தண்ணீர் குளிர்ந்ததும் மீன் குறைவாகத்தான் தின்னும். பதினோரு மணிக்கு ஒரு வேளை போதும். வெள்ளைப் புள்ளி நோய் வரும் காலமும் அதுதான்: ரவை தூவினாற்போல் துடுப்பில் புள்ளிகள், மீன் சுவரில் உரசும். அயோடின் இல்லாத கல்லுப்பு, லிட்டருக்கு 3 கிராம், உங்கள் தொட்டிக்கு 20 கிலோ. வாளியில் கரைத்து, இரண்டு நாளில் மூன்று தவணையாக ஊற்றுங்கள். குளிரில் கிருமியின் வாழ்க்கைச் சுற்று மெதுவாக நடக்கும், அதனால் இரண்டு வாரமாவது உப்பு இருக்கட்டும், பிறகு வாராந்திரத் தண்ணீர் மாற்றத்தில் தானாகக் குறையும். உப்பு போடுவதற்கு முன் அல்லித் தொட்டிகளை வெளியே எடுத்துவிடுங்கள், அது தாங்காது.