பயந்து ஒடுங்கும் காப்பக நாய்: குழந்தை இருக்கும் வீட்டுக்கு எடுக்கலாமா?

உச்சிப்புளி வீடு:
வணக்கம். ராமநாதபுரம் பக்கம் ஒரு காப்பகத்தில் நாட்டு நாய் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறோம். பெட்டை, செம்மண் நிறம், இரண்டு வயது இருக்கலாம். கருத்தடை முடிந்து காது நுனியில் வெட்டு இருக்கிறது. பாம்பன் பக்கம் மீன் இறங்குதளத்தில் பைக் மோதிக் கிடந்ததை யாரோ கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். கால் ஆறிவிட்டது என்கிறார்கள். ஆனால் ஆள் வந்தால் கூண்டின் பின்சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. வால் வயிற்றுக்கு அடியில் போய்விடுகிறது. நாம் அங்கே நிற்கும்வரை தட்டைத் தொடுவதில்லை. உறுமவில்லை, பல் காட்டவில்லை.

வீட்டில் ஏழு வயது மகள், மாமியார், நாங்கள் இருவர். சுற்றுச்சுவர் வைத்த தனி வீடு. "வீட்டுக்குப் போனால் சரியாகிவிடும்" என்று காப்பகத்தில் சொல்கிறார்கள். "பயந்த நாய்தான் கடிக்கும், வேண்டாம்" என்கிறான் என் தம்பி. எதைப் பார்த்து முடிவெடுப்பது?

பாம்பன்காற்று:
உங்கள் தம்பி பக்கம்தான் நான், சகோதரி. உறுமவில்லை என்பதை நல்ல அறிகுறியாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உறுமும் நாய் "கிட்டே வராதே" என்று முன்னாலேயே சொல்லிவிடுகிறது. சுவரோடு ஒட்டி அசையாமல் நிற்கும் நாய்க்கு ஓட வழியில்லை. அதற்குப் பிறகும் ஒருவர் கை நீட்டினால் கடிதான் மிச்சம். பெரியவர்கள் கையை இழுத்துக்கொள்வோம். ஏழு வயதுப் பிள்ளை கட்டிப்பிடிக்கப் போகும், முகத்துக்கு நேரே முகத்தைக் கொண்டுபோகும். சின்னப் பிள்ளைகளுக்குத் தலை, முகம், கழுத்தில் கடி விழுவது அதனால்தான்.

காப்பகத்தில் ஒரு சோதனை வைக்கச் சொல்லுங்கள். பழக்கமில்லாத ஆள் உள்ளே போய் உடம்பைத் தொடட்டும், சாப்பிடும்போது தட்டை நகர்த்தட்டும், பக்கத்தில் ஒரு பாத்திரத்தைக் கீழே போடட்டும். தேறினால் எடுங்கள். இல்லையென்றால் அமைதியான வேறு நாயாகப் பாருங்கள்.

ஏர்வாடி தோழி:
அண்ணே, நான் காப்பகத்தில் தன்னார்வலராக இருப்பவள். நீங்கள் சொல்லும் சோதனையைத்தான் நான் எதிர்க்கிறேன். கூண்டுக்குள், நாலு பக்கமும் குரைப்பு, பினாயில் நெடி, ஓட இடமில்லை. அங்கே அறிமுகமில்லாதவர் தட்டைப் பிடுங்கினால் எந்த நாய் அமைதியாக இருக்கும்? 1997இல் அமெரிக்காவில் ஒரு காப்பகத்தில் நாய்களின் ரத்தத்தை எடுத்துப் பார்த்தார்கள். வந்த முதல் மூன்று நாளில், பதற்றத்தில் சுரக்கும் கார்டிசால் ஹார்மோன் அளவு வீட்டு நாய்களைவிடச் சுமார் மூன்று மடங்கு. அந்த நிலையில் நாம் பார்ப்பது நாயின் பதற்றத்தை. அதன் குணம் இதுதான் என்று அதை வைத்து எப்படி எழுதுவது?

தட்டை நகர்த்தும் சோதனைக்கு அமெரிக்கக் காப்பகங்களில் பிளாஸ்டிக் கைகூட வைத்திருந்தார்கள். அதில் தோற்ற எத்தனையோ நாய்களைக் கொன்றிருக்கிறார்கள். 2016இல் பாட்ரோனெக், பிராட்லி என்ற இருவர் இந்தச் சோதனைகளைக் கணக்குப் போட்டுப் பார்த்து, இவை காசு சுண்டிப் பார்ப்பதைவிட மேலானவை இல்லை என்று கட்டுரை எழுதினார்கள். கடிக்காத நாய்கள் ஏராளமாக 'ஆபத்து' பட்டியலில் விழுகின்றன என்பதே அவர்கள் வாதம். அக்கா, அந்த நாய் உங்களைப் பார்த்து ஒதுங்கியது, பாயவில்லை. அதற்கு நேரம் கொடுங்கள்.

தங்கச்சிமடம் கரை:
இரண்டு பேருமே முக்கியமானதை விட்டுவிட்டீர்கள். அது கரையில் வளர்ந்த உயிர். வல்லம் வந்தால் ஓடிவரும், வலை உதறும் இடத்தில் சிந்தும் மீனைத் தின்னும், மணலில் படுக்கும். நாலு சுவருக்குள் கொண்டுபோய் மிக்ஸி சத்தத்திலும் மின்விசிறிக்கு அடியிலும் வைப்பது அதற்குத் தண்டனை. 2023 கருத்தடை விதிகளும் அறுவை முடிந்த தெரு நாயைப் பிடித்த இடத்திலேயே விடத்தான் சொல்கின்றன. கால் ஆறிவிட்டது என்றால் பாம்பனிலேயே விடுங்கள். அங்கே அதற்குப் பழகிய ஆட்கள் இருப்பார்கள்.

ஏர்வாடி தோழி:
அண்ணே, அந்த விதி கருத்தடைக்காகப் பிடிக்கும் நாய்க்கு. தத்தெடுக்க அதில் தடை இல்லை. கரை வாழ்க்கையும் நீங்கள் சொல்வதுபோல் வருஷம் முழுக்க இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு கட்டிக் கிடக்கும்போது இறங்குதளத்து நாய்கள் எலும்பும் தோலுமாகத் திரிவதைப் பார்த்திருப்பீர்கள். தனுஷ்கோடிப் பக்கம் போகிறவை ஆமை முட்டையைத் தோண்டுகின்றன. ஏற்கெனவே ஒரு வண்டி மோதிய நாய் இது. மறுபடி ரோட்டோரத்தில் விட எனக்கு மனம் வராது.

தங்கச்சிமடம் கரை:
ஆமை விஷயம் உண்மைதான், மறுக்கவில்லை. தடைக்காலத்தில் நாங்கள் சோறு வைக்கிறோம் என்பதும் உண்மை. இந்த நாய் எங்கே நிம்மதியாக இருக்கும் என்று யாராவது யோசித்தீர்களா என்பதுதான் என் கேள்வி.

கீழக்கரை காக்கா:
கால்நடை வேலையில் வெகுகாலம் இருந்தவன். முதலில் ஒன்று கேட்கிறேன், தங்கச்சி. "கால் ஆறிவிட்டது" என்று சொன்னது யார்? மருத்துவர் படம் எடுத்துப் பார்த்தாரா, நொண்டவில்லை என்பதால் சொன்னார்களா? எலும்பு கோணலாகக் கூடியிருந்தால் வலி உள்ளே இருக்கும். வலி உள்ள நாய் தொடப் பயப்படும், அதை நாம் குணம் என்று நினைத்துக்கொள்வோம். உண்ணிக் காய்ச்சலும் இப்படித்தான், நாய் சுருண்டு கிடக்கும், சாப்பிடாது. மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காலையும் ரத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். அது முடியாமல் குணத்தைப் பற்றிப் பேசுவதே வீண்.

உடம்பு சரி என்றால் அப்புறம் பயத்தைப் பார்க்கலாம். பயப்படாத நாய் கிடையாது. பயந்த பிறகு எவ்வளவு நேரத்தில் தன் நிலைக்கு வருகிறது என்பதை நான் பார்ப்பேன். கூண்டுக்கு நேரே நிற்காதீர்கள். பக்கவாட்டில் திரும்பித் தரையில் உட்காருங்கள், கண்ணைப் பார்க்க வேண்டாம், பேசவும் வேண்டாம். முள் எடுத்த அவித்த மீனைச் சின்னச் சின்னதாக அதன் பக்கம் போடுங்கள். கருவாடு வேண்டாம், உப்பு. அன்றைக்கு அது எதையும் தொடாமல் போகலாம். நீங்கள் எழுந்து நகர்ந்த பிறகு எவ்வளவு சீக்கிரம் வந்து தின்கிறது என்று தூரத்திலிருந்து கவனியுங்கள். அடுத்த முறை நீங்கள் இருக்கும்போதே ஒரு துண்டை எடுத்தால் அது பெரிய சேதி. மறுபடி மறுபடி போயும் அதே சுவரோடு அதே நடுக்கம் என்றால் அதுவும் சேதிதான்.

சில்லறை அடையாளங்களைத்தான் ஆட்கள் தவறவிடுவார்கள். தூக்கம் வராமல் கொட்டாவி விடும், தீனி இல்லாமல் மூக்கை நக்கும், தலையைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரியப் பார்க்கும். இதெல்லாம் "போதும், தள்ளிப் போ" என்கிற பேச்சு. நீங்கள் தள்ளிப்போனதும் உடம்பு தளர்ந்தால் அந்த நாய் உங்களோடு பேசிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். தள்ளிப்போன பிறகும் மரம் மாதிரி நின்றால் நான் யோசிப்பேன்.

அப்புறம், கூண்டுக்கு வெளியே பாருங்கள். அமைதியான இன்னொரு நாயோடு முற்றத்தில் விடச் சொல்லுங்கள். கூண்டில் கல்லாக இருப்பது அங்கே மண்ணை மோந்து, இன்னொரு நாயின் பின்னாலேயே ஆளிடம் வருவதை நிறையப் பார்த்திருக்கிறேன். மூன்றாவது வாரத்திலிருந்து பதினான்காவது வாரம்வரை மனித வாடையே படாமல் வளர்ந்த குட்டிதான் பெரிதானபின் ஆளிடம் ஒட்டுவது மிகக் கடினம். இறங்குதளத்து நாய் ஆள் கூட்டத்துக்குள்ளேயே பிறந்திருக்கும். அதற்குப் பழக்கமில்லாதது வீடுதான்.

பாம்பன்காற்று:
காக்கா சொன்ன முறை நல்ல முறை. தட்டைப் பிடுங்கும் சோதனையை நான் விட்டுவிடுகிறேன், அது நாயைச் சீண்டுவதுதான். ஆனால் தோழி காட்டிய 2016 கட்டுரையை இன்னொரு பக்கம் திருப்பிப் பாருங்கள். ஆபத்தான நாயைச் சோதனையால் சொல்ல முடியாது என்றால், ஆபத்தில்லாத நாயையும் அதே சோதனையால் சொல்ல முடியாது அல்லவா? அப்படியானால் "வீட்டுக்குப் போனால் சரியாகிவிடும்" என்று காப்பகம் எதை வைத்துச் சொல்கிறது?

காக்கா சொன்னது முழுக்க ஒரு பெரியவர் பொறுமையாகத் தரையில் உட்கார்ந்து பார்ப்பது. பிள்ளை அப்படி உட்காராது. ஓடும், கத்தும், தடுக்கி நாய்மேல் விழும். பெரியவரிடம் மீன் வாங்கித் தின்ற நாய் பிள்ளையிடம் எப்படி இருக்கும் என்பதற்கு அதில் பதில் இல்லை. உச்சிப்புளியில் ஐ.என்.எஸ். பருந்து கடற்படை விமானத் தளத்திலிருந்து கிளம்பும் சத்தம் வேறு தலைக்குமேல் போகும். அந்த நேரத்தில் வாசலில் பிள்ளை நின்றால்?

உச்சிப்புளி வீடு:
அண்ணா, அந்தச் சத்தத்தை நான் யோசிக்கவே இல்லை. மகள் முரட்டுத்தனம் கிடையாது, சொன்னால் கேட்பாள். ஆனாலும் ஏழு வயதுதான். காப்பகத்தில் அவளை இதுவரை கூட்டிப்போகவில்லை.

ஏர்வாடி தோழி:
பாம்பன் அண்ணன் கேட்டது நியாயமான கேள்வி, அதைச் சுற்றிவளைக்க மாட்டேன். "சரியாகிவிடும்" என்று எந்தக் காப்பகமும் உறுதி தரக்கூடாது. நாங்கள் சொல்ல வேண்டியது கண்ணால் பார்த்ததை மட்டும்: இன்ன தேதியில் இன்னாரிடம் இப்படி இருந்தது, ஊசி போடும்போது இப்படி நடந்துகொண்டது, யாரையும் கடித்தது அல்லது கடிக்கவில்லை. அதைக் கேட்டு வாங்குங்கள் அக்கா. ஊசி போடும்போது கடிக்க முயன்றதா என்று நேராகவே கேளுங்கள்.

மற்றதெல்லாம் வீட்டில்தான் தெரியும். அதனால்தான் தத்துக் காகிதத்தில் கையெழுத்துப் போடும்முன் தற்காலிகமாக எடுத்து வைத்துப் பார்க்கச் சொல்கிறேன். 2019இல் வெளியான ஓர் ஆய்வில் ஐந்து காப்பகங்களில் 207 நாய்களை ஓரிரு இரவு வீடுகளில் தங்கவைத்துப் பார்த்தார்கள். வீட்டில் இருந்தபோது கார்டிசால் குறைந்தது, காப்பகத்துக்குத் திரும்பியதும் பழைய அளவுக்கு ஏறியது. வீட்டில் பார்க்கும் நாய் வேறு நாயாக இருக்கக்கூடும். நல்லதாகவும் இருக்கலாம், கெட்டதாகவும் இருக்கலாம்.

முதல் நாட்களில் கடியைவிட ஓட்டத்துக்குத்தான் நான் பயப்படுவேன். பயந்த நாய் திறந்த கேட்டைப் பார்த்தால் போய்விடும். உங்கள் பக்கம் மதுரை - தனுஷ்கோடி நெடுஞ்சாலை. நெஞ்சைச் சுற்றிக் கட்டும் ஹார்னஸ் ஒன்று, கழுத்துப்பட்டை ஒன்று, இரண்டிலும் தனித்தனிக் கயிறு. மகள் அதைக் கூப்பிட வேண்டாம், சோறு வைக்க வேண்டாம், அது படுக்கும் மூலைக்குப் போகவே வேண்டாம். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் இருவரும் ஒரே அறையில் இருக்கக்கூடாது. அது தானாக வந்து மோந்தால் மோந்துவிட்டுப் போகட்டும்.

கீழக்கரை காக்கா:
உறுமினால் அதட்டாதீர்கள். இதை மாமியாருக்கும் சொல்லிவையுங்கள். உறுமலை அடக்கினால், பாம்பன் தம்பி முதலில் சொன்ன, உறுமாமலே கடிக்கும் நாயை நாமே உண்டாக்கிவிடுவோம். வெறிநோய்த் தடுப்பூசிச் சீட்டைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள், வருஷா வருஷம் போட வேண்டும். பல் பட்டால், கீறல்தானே என்று விட வேண்டாம். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தோலில் போடும் ஊசி என்றால் 0, 3, 7, 28ஆம் நாள்.

தங்கச்சிமடம் கரை:
சரி, எடுத்துப் பாருங்கள். ஆனால் ஒத்துவரவில்லை என்று யாருக்கும் தெரியாமல் ஏதோ ஒரு கரையில் இறக்கிவிட்டுப் போகாதீர்கள். அப்படி இறக்கப்பட்ட வீட்டு நாய்கள் இங்கே நிறைய. கரை நாய்கள் அவற்றைச் சேர்க்காது, துரத்தித் துரத்திக் கடிக்கும்.

ஏர்வாடி தோழி:
அதற்குச் சட்டமும் இருக்கிறது அண்ணே. 2025 ஆகஸ்ட் 22 உச்ச நீதிமன்ற உத்தரவில், தத்தெடுத்த நாய் மறுபடி தெருவுக்கு வராமல் பார்ப்பது எடுத்தவர் பொறுப்பு என்று இருக்கிறது.

உச்சிப்புளி வீடு:
எல்லோருக்கும் நன்றி. வீட்டில் பேசினோம். முதலில் மாட்டாஸ்பத்திரி. காலும் ரத்தமும் சரி என்றால் நானும் அவரும் மட்டும் காப்பகத்துக்குப் போய்க் காக்கா சொன்னபடி உட்காரப் போகிறோம். நாங்கள் இருக்கும்போதே அது தின்னத் தொடங்கி, முற்றத்திலும் ஆளிடம் வந்தால் தற்காலிகமாகக் கேட்போம். பின்பக்க அறையைக் காலி செய்யலாம், அங்கே சத்தமும் குறைவு. அதுவரை மகளிடம் நாய் வருகிறது என்று சொல்வதாக இல்லை.

பாம்பன்காற்று:
என் கருத்து மாறவில்லை சகோதரி. பத்து வயது தாண்டிய பிள்ளை இருக்கும் வீட்டுக்குத்தான் இந்த நாய் போகவேண்டும் என்று இப்போதும் சொல்வேன். நீங்கள் எடுப்பதாக இருந்தால் ஒன்று செய்யுங்கள். எப்போது திருப்பிக் கொடுத்தாலும் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொள்வோம் என்று காப்பகத்திடம் எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் அந்த இடத்திலிருந்து எந்த நாயையும் எடுக்காதீர்கள்.

உச்சிப்புளி வீடு:
காலையில் போன் செய்து கேட்டேன் அண்ணா. எழுதித் தருகிறோம் என்றார்கள். ஊசி போடும்போது வாயைக் கட்டித்தான் போட்டார்களாம், கடிக்க முயன்றதா என்பதற்குச் சரியான பதில் இல்லை. ஊசி போட்டவரிடமே நேரில் கேட்கப் போகிறேன்.